சின்ன மல்லர்களுக்கு எதை முதலில், எதைப் பிறகு

தராசில் ஏறினால் இரண்டு பேருமே 45 கிலோ. இரண்டு பேருக்குமே 13 வயது. ஒருவனுக்குக் குரல் உடைந்துவிட்டது, மீசை அரும்புகிறது, தோள் விரிந்துவிட்டது. இன்னொருவனுக்குக் கன்னத்தில் குழந்தைச் சதை இன்னும் கரையவில்லை. 'ஒரே வயசு, ஒரே எடை, ரெண்டு பேரும் பிடிங்கடா' என்று விட்டால் என்ன ஆகும்? முதலாமவன் கழுத்தில் கை போட்டு ஒரே இழுப்பில் சாய்த்துவிடுவான். ஆறு மாதம் இப்படியே போனால் இருவருக்குமே நஷ்டம். தோற்றவன் வருவதை நிறுத்திவிடுவான். ஜெயித்தவனுடைய நஷ்டம் வெளியே தெரிய மூன்று வருடம் ஆகும். 16 வயதில் மற்றவர்களும் வளர்ந்து எதிரே வந்து நிற்கும்போது, அந்தக் கழுத்துப் பிடியைத் தவிர அவன் கையில் வேறெதுவும் இருக்காது.

சிறுவர் மல்யுத்தத்தில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று ஏராளமாகப் பேசுகிறார்கள். எதை எத்தனை வருடம் தள்ளிப்போடுவது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பயிற்சியாளரின் பொறுமை சோதிக்கப்படுவது அங்கேதான்.

பிறந்த தேதியும் உடம்பின் வயதும்

பிறந்த தேதி போட்டிக்குப் பெயர் கொடுக்க உதவும். சர்வதேச மல்யுத்தத்தை நடத்தும் யுனைட்டட் வேர்ல்ட் ரெஸ்ட்லிங் அமைப்பின் விதிப்படி 15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் 14, 15 வயதினர் கலந்துகொள்ளலாம். மருத்துவச் சான்றும் பெற்றோர் ஒப்புதலும் இருந்தால் 13 வயதுக்காரரும் வரலாம். 17 வயதுக்கு உட்பட்டோரில் 16, 17. அதே நிபந்தனையோடு 15. கணக்கு பிறந்த ஆண்டை வைத்துத்தான். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் காகிதத்தில் சமவயது. சிறுவயதில் அந்தப் பதினொரு மாதம் சாதாரண இடைவெளியில்லை.

அதைவிடப் பெரிய இடைவெளி வளர்ச்சியில் இருக்கிறது. உயரம் மிக வேகமாகக் கூடும் கட்டம் பெண் குழந்தைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், ஆண் குழந்தைகளுக்கு 14 வயதை ஒட்டியும் வருகிறது. ஒவ்வொருவருக்கும் அது ஓரிரு வருடம் முன்னே பின்னே போகும். ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு 13 வயதுப் பையன்களின் உடம்புக்கு இடையே மூன்று, நான்கு வருட வித்தியாசம் இருப்பது அதிசயமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கச் சுவரும் அளவு நாடாவும் ஒரு நோட்டும் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் எடுங்கள். செருப்பு, ஷூ இல்லாமல், குதிகாலும் இடுப்பும் சுவரில் ஒட்டியிருக்க, தலைமேல் ஒரு தட்டையான பலகையை வைத்து மில்லிமீட்டர் வரை எழுதுங்கள். எப்போதும் நாளின் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் வரை குறைந்துவிடும், பயிற்சிக்குப் பிறகு அளந்தால் கணக்கு குழம்பும். மூன்று மாதத்தில் 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தால் அந்தப் பிள்ளை வேக வளர்ச்சியில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு இல்லாவிட்டாலும் ஓர் அறிகுறி உண்டு. முதலில் பாதம்தான் வளரும். நன்றாக இருக்கும் மல்யுத்த ஷூ திடீரென்று கடிக்கிறது என்று பையன் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். அடுத்து கால் நீளும், பிறகு உடல். தசை கடைசியில்தான் வந்து சேரும். அந்த இடைக்காலத்தில் நேற்றுவரை அழகாகச் செய்த கரணம் இன்று கோணலாகும். சோம்பல் என்று திட்டுகிறோம். நீண்ட காலைப் பழைய கணக்கிலேயே அசைத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில் எலும்பு முனையில் இருக்கும் வளர்தட்டுதான் மூட்டின் பலவீனமான இடம். மூட்டைக் கட்டியிருக்கும் நாரைவிட அது பலம் குறைந்தது. பெரியவருக்கு நார் பிசகும் அதே விழுகையில் சிறுவனுக்குத் தட்டு விரிசல் விடும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்பக்கம் புடைத்து வலிப்பதும், குதிகால் பின்புறம் வலிப்பதும் இந்த வயதுக்கே உரியவை. ஆகவே வேக வளர்ச்சியில் இருப்பவனுக்கு முழங்காலை மேட் மீது இறக்கும் பயிற்சியையும், தூக்கி எறியப்படும் எண்ணிக்கையையும், உடலைப் பாலம்போல் பின்னால் வளைக்கும் பிரிட்ஜையும் பாதியாகக் குறையுங்கள். ஒருவருக்கொருவர் பிடி மாற்றிப் பழகுவது, நகர்வு, சமநிலை இவற்றைக் கூட்டுங்கள். வகுப்பை விட்டு விலக்கி உட்காரவைக்கத் தேவையில்லை.

விழுவது

வீழ்த்தக் கற்பதற்கு முன் விழக் கற்க வேண்டும். எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். பாதிப் பேர் முதல் வாரம் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். எந்த வயதாக இருந்தாலும், ஒவ்வொரு வகுப்பிலும் எட்டு நிமிடம் இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆரம்பம் உட்கார்ந்த நிலையில். தாவாக்கட்டை நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், முதுகு பந்துபோல வளைந்திருக்க வேண்டும். அப்படியே பின்னால் உருளும்போது இரண்டு கைகளும் உடலிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி விலகி, முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை ஒரே சமயத்தில் மேட்டைத் தட்ட வேண்டும். கை தோளுக்கு மேலே போனால் தோள் அடிபடும், உடலோடு ஒட்டியிருந்தால் தட்டிப் பயனில்லை. கசக்கிய துணி ஒன்றைத் தாவாக்கட்டைக்கு அடியில் இடுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். துணி விழுந்தால் தலை பின்னால் போயிருக்கிறது. நூறு தடவை 'தலையைத் தூக்கு' என்று கத்துவதைவிட இந்தத் துணி நன்றாக வேலை செய்யும்.

இது பழகியதும் குந்திய நிலையிலிருந்து, பிறகு பக்கவாட்டில், பிறகு நின்ற நிலையிலிருந்து. அடுத்து தோள் வழியாக முன்னால் உருளும் கரணம். ஆறாவது படியில்தான் இன்னொருவர் வருகிறார். ஒருவன் நாலு காலில் நிற்க, மற்றவன் அவன் முதுகின் மேல் படுத்தவாறு அந்தப் பக்கம் உருண்டு விழுவான். இந்த ஆறையும் தாண்டாதவனை யாரும் தூக்கி எறியக் கூடாது.

என்ன தவறு நடக்கும்? பெரும்பாலும் ஒன்றுதான். பின்னால் சாயும்போது கையை ஊன்றிவிடுவார்கள். முழங்கை நேராகப் பூட்டியிருக்க, உடல் எடை முழுவதும் எதிராளியின் எடையும் சேர்ந்து அதன் மேல் இறங்கும். மணிக்கட்டு முறியும், அல்லது முழங்கை நழுவும். பதின்ம வயதில் முழங்கையின் உட்புறத்தில் இருக்கும் சிறு எலும்பு முகடு தசையோடு சேர்ந்து பிய்ந்து வருவதும் உண்டு. ஏனென்றால் அந்த இடம் முழுதாக ஒட்டி முடிய 15 வயதுக்கு மேல் ஆகும். கை ஊன்றுவது இயல்பான அனிச்சை. சொல்லித் திருத்த முடியாது, ஆயிரக்கணக்கான முறை சரியாக விழுந்துதான் அதை மாற்ற முடியும்.

எறிகிறவனுக்கும் பாடம் உண்டு. எறிந்த கையோடு எதிராளி மேல் தொப்பென்று விழாமல், அவன் கையை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து விழுகையைப் பாதியில் தாங்க வேண்டும். கூட்டாளியைப் பத்திரமாக இறக்கத் தெரியாதவனுக்கு எறியும் உரிமை கிடையாது என்று வகுப்பில் சட்டமே போடலாம்.

6 முதல் 9 வரை

வாரம் இரண்டு நாள், 45 நிமிடம். இதற்கு மேல் வேண்டாம். இந்த வயதில் மல்யுத்தம் என்று தனியாக ஒன்றுமில்லை. தவழ்தல், உருளுதல், குட்டிக்கரணம், நண்டு நடை, இழுத்தல், தள்ளுதல், அதற்குள் ஒளித்துவைத்த சில அடிப்படைகள், அவ்வளவுதான்.

விளையாட்டுகளை நோக்கத்தோடு தேர்ந்தெடுத்தால் பிடிகள் பிறகு தானாக வரும். எதிராளியின் முழங்காலைத் தொட்டால் ஒரு புள்ளி, தன் முழங்காலைத் தொடவிடக் கூடாது. இதிலேயே மண்டி தாழ்த்துவது, தூரம் அறிவது, கையால் தடுப்பது மூன்றும் வந்துவிடும். இடுப்பில் செருகிய துணியைப் பிடுங்கும் விளையாட்டில் எதிராளியின் பின்னால் போகும் பழக்கம் வரும். சிறிய வட்டத்துக்குள் நின்று நெஞ்சோடு நெஞ்சு தள்ளுவதில் குறுகிய காலடியும் தாழ்ந்த இடுப்பும் வரும். இரண்டு பேரும் முழங்காலில் நின்று ஒருவரை ஒருவர் சாய்ப்பது, உயரத்திலிருந்து விழும் ஆபத்து இல்லாத முதல் மல்யுத்தம்.

ஒரு எச்சரிக்கை. தோற்றவர் வெளியேறும் விளையாட்டுகள் வேண்டாம். பயிற்சி அதிகம் தேவைப்படுகிற பிள்ளைதான் முதலில் வெளியே போய் உட்காரும், கெட்டிக்காரன் கடைசிவரை ஆடிக்கொண்டிருப்பான். தோற்றவர் பக்கத்து ஜோடிக்குப் போகட்டும், யாரும் சும்மா இருக்கக் கூடாது. ஒரு விளையாட்டு மூன்று, நான்கு நிமிடம். முகத்தில் உற்சாகம் உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

விளக்கம் அரை நிமிடத்துக்குள். அதற்கு மேல் பேசினால் பின்வரிசையில் தனியாக ஒரு மல்யுத்தம் ஆரம்பித்துவிடும்.

இந்த வயதில் ஓடவிட்டு மூச்சு வாங்கவைக்கும் கடினப் பயிற்சிக்குப் பலன் குறைவு. பருவமடையாத உடம்பு ஆக்சிஜன் இல்லாமல் உழைத்து லாக்டேட் சேர்க்கும் முறையில் இன்னும் வளரவில்லை. அதனால்தான் சின்னப் பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் தெம்பு திரும்பி மறுபடி குதிக்கிறார்கள். பெரியவர்களின் பயிற்சியைச் சுருக்கிக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

10 முதல் 12 வரை: கைத்திறன் ஏறும் காலம்

வேக வளர்ச்சிக்கு முந்தைய இந்தச் சில வருடங்களில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வாரம் மூன்று நாள், 70 நிமிடம். அமெரிக்க மல்யுத்தப் பயிற்சியில் ஏழு அடிப்படைத் திறன்கள் என்று ஒரு பட்டியல் உண்டு: நிற்கும் நிலை, நகர்வு, மட்டம் மாற்றுதல் (உடலைத் தாழ்த்துவது), உள்ளே பாய்தல் (எதிராளியின் காலைப் பிடிக்கப் போவது), தூக்குதல், பின்னடி வைத்துத் திரும்புதல், பின்னால் வளைதல். இந்த வயதில் முதல் நான்கிலேயே முக்கால்வாசி நேரத்தைச் செலவிடலாம். தூக்குதலும் வளைதலும் கூட்டாளி இல்லாமல், அல்லது மென்மையான தலையணை பொம்மையோடு.

உள்ளே பாய்வதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கெட்டுப்போவது இதுதான். மட்டம் மாறுவது முழங்காலை மடக்கி, இடுப்பைக் குனிந்தல்ல. முதுகு நேராக, பார்வை எதிராளியின் நெஞ்சில். முன்னங்கால் எதிராளியின் இரண்டு பாதங்களுக்கு நடுவே போக வேண்டும், அந்தக் காலின் முழங்கால் மேட்டை உரசிச் சறுக்கிப் போக வேண்டும், இடித்து இறங்கக் கூடாது. பின்னங்கால் உடனே பின்தொடர்ந்து வந்து பாதம் ஊன்ற வேண்டும். இரண்டு காலையும் சேர்த்துப் பிடிக்கும் டபுள் லெக்கில் தலை எதிராளியின் விலாவுக்கு வெளியே, காது அவன் உடலோடு ஒட்டி.

தப்புகள் இப்படி வரும். தலை கவிழ்ந்தால் எதிராளி மேலே சாயும்போது எடை கழுத்தில் இறங்கும், இதை ஒருநாள்கூடப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. தூரத்திலிருந்து கையை நீட்டிப் பாய்ந்தால் குப்புற விழுவான், அதற்குக் காரணம் தைரியமின்மை இல்லை, முதல் அடி குட்டையாக இருப்பது. பின்னங்கால் பின்தங்கினால் பிடித்த பிறகு எழ முடியாது. முழங்கால் 'டொக்' என்று சத்தம் போட்டால் நிறுத்திவிட்டு மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். சத்தமே அளவுகோல். ஒரு வகுப்பில் ஒரு காலுக்கு 30, 40 தடவை போதும். இருபுறமும் பழக வேண்டும், 12 வயதில் இடது வலது பார்க்க ஆரம்பித்தால் பிறகு மாறாது.

இப்போது கழுத்துப் பிடிக்கு வருவோம். 10 வயதில் எதிராளியின் தலையையும் கையையும் சேர்த்துக் கட்டி இடுப்பில் சுழற்றிப் போட்டால் பத்துக்கு எட்டு முறை வேலை செய்யும். எதிரில் இருப்பவனுக்குக் கழுத்தில் பலமில்லை, எப்படித் தப்புவது என்றும் தெரியாது. பதக்கம் வரும், பெற்றோர் கைதட்டுவார்கள், பையன் வேறெதையும் முயலமாட்டான். 14 வயதில் எதிராளி இடுப்பைத் தாழ்த்தி, தலையை உருவிக்கொண்டு பின்னால் வந்துவிடுவான். அப்போது அவனுக்குக் கால் பிடிக்கத் தெரியாது, முதுகைக் காக்கத் தெரியாது. நாலு வருடம் வீண். கழுத்துப் பிடியை 13 வயது வரை வகுப்பில் தடை செய்வதே நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் அதிலிருந்து தப்புவதை முதல் வருடமே சொல்லிக்கொடுங்கள்.

முழு மல்யுத்தத்துக்குப் பதில் நிலைமைப் போட்டி வையுங்கள். ஒருவன் எதிராளியின் ஒரு காலை ஏற்கெனவே பிடித்திருப்பான், விசில் அடித்ததும் 20 நொடி. அவன் சாய்க்க வேண்டும், மற்றவன் தப்ப வேண்டும். உடனே மாற்று. ஆறு நிமிடத்தில் ஒவ்வொருவனும் எட்டு, ஒன்பது முறை அந்தச் சூழலைச் சந்திப்பான். முழுப் போட்டியில் அதே சூழல் ஒருமுறை வந்தாலே பெரிய விஷயம்.

ஜோடி சேர்க்கும்போது எடை வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அதோடு நோட்டில் உள்ள வளர்ச்சிக் கட்டமும், எத்தனை மாதப் பழக்கம் என்பதும். நெருக்கமும் முக்கியம். 9 மீட்டர் வட்டத்தில் நின்றபடி நான்கு ஜோடிக்கு மேல் மோதவிடாதீர்கள். பக்கத்து ஜோடி வந்து காலில் விழுவதால் முழங்கால் போவது முற்றிலும் தவிர்க்கக் கூடியது.

13க்குப் பிறகு

15, 17 வயதுக்கு உட்பட்டோர் இரண்டு பிரிவிலுமே போட்டி இரண்டு நிமிடம் வீதம் இரண்டு சுற்று, நடுவே 30 நொடி ஓய்வு. பெரியவர்களுக்கு மூன்று நிமிடம் வீதம் இரண்டு சுற்று. பயிற்சியில் 13 வயதுக்காரனை ஆறு நிமிடம் பிடிக்கவைப்பவர்கள் எதற்குத் தயார்செய்கிறார்கள் என்று புரியவில்லை. இந்த இரு பிரிவுகளிலும் இரண்டு அக்குளுக்கும் அடியில் கை விட்டு கழுத்தின் பின்னால் கோக்கும் இரட்டை நெல்சன் தடை செய்யப்பட்டது. பயிற்சியிலும் அது தடைதான், 'சும்மா விளையாட்டுக்கு' என்பது கிடையாது.

வாரம் நான்கு நாள் வரை போகலாம். தூக்கி எறிதல்கள், இறுக்கமான பிடிகள், மூச்சு வாங்கவைக்கும் கடினப் பயிற்சி எல்லாம் இங்கே மெல்ல நுழையும். 16, 17இல் 90 நிமிடம் முதல் இரண்டு மணி நேரம் வரை, வாரம் ஐந்து நாள் தாங்கும் உடம்பு பலருக்கு வந்திருக்கும். மேல்வரம்புக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: ஒழுங்கமைத்த விளையாட்டுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது வயதின் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. பள்ளிக் கபடி, ஓட்டம் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி வாரத்தில் ஒன்றிரண்டு நாளும், வருடத்தில் ஒவ்வொரு மாதமாகப் பிரித்து மொத்தம் மூன்று மாதமும் தங்கள் முக்கிய விளையாட்டிலிருந்து ஓய்வு பரிந்துரைக்கிறது. அந்த மூன்று மாதத்தில் நீச்சலோ ஜிம்னாஸ்டிக்ஸோ போகலாம். தூக்கம் 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18க்கு 8 முதல் 10. விடியற்காலைப் பயிற்சி வைக்கும் முன் அந்தப் பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள்.

பலம்

எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்பது பழைய பயம். சரியான செய்முறையோடு, கண்காணிப்போடு செய்யும் எடைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. பருவமடைவதற்கு முன் தசை பெருக்காது, நரம்பு தசையை நன்றாக இயக்கக் கற்பதால் பலம் கூடும். ஆகவே 12 வயதுவரை சொந்த எடையே போதும்: தண்டால், பஸ்கி, கயிறு ஏறுதல், பாரில் தொங்குதல், கரடி நடை. கயிறு ஏறும்போது கீழே தடித்த மேட், ஏறுவதைப் போலவே இறங்கவும் கற்றிருக்க வேண்டும். வழுக்கி இறங்கி உள்ளங்கை எரிந்தவர்களும் பாதியில் குதித்துக் கணுக்கால் பிசகியவர்களும் ஏறத் தெரிந்தவர்கள்தான்.

தண்டாலில் இடுப்பு தொய்ந்தால் எண்ணிக்கை அங்கேயே முடிந்தது. ஐம்பது கோணல் தண்டாலுக்குப் பத்து நேரான தண்டால் மேல். 13க்குப் பிறகு வெறும் கம்பியில் ஆரம்பித்து, வாரம் இரண்டு, மூன்று நாள் ஒன்றுவிட்டு ஒருநாள், 8 முதல் 15 தடவை, இரண்டு, மூன்று சுற்று. 15 தடவை அழகாக வந்தால் மட்டும் 5 முதல் 10 சதவீதம் எடை ஏற்றுங்கள். ஒரே தடவை முழு பலத்தையும் சோதித்துப் பார்ப்பது எலும்பு வளர்ந்து முடியும்வரை வேண்டாம்.

கூட்டாளியைத் தூக்கி நடப்பது நல்ல பயிற்சி, ஆனால் கழுத்தின் மேல் உட்காரவைத்துப் பஸ்கி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கழுத்துக்குத் தனியாக. தலையை மேட்டில் ஊன்றி உருட்டும் பிரிட்ஜை எட்டு வயதுப் பிள்ளைகளிடம் செய்யச் சொல்வதைப் பார்க்கிறோம். முதலில் தன் கையாலேயே தலையை நான்கு பக்கமும் தள்ளி, அசையாமல் எதிர்த்து நிற்பது, ஒரு பக்கத்துக்கு 5 நொடி, மூன்று முறை. 12ஐ ஒட்டி, கைகளை ஊன்றி எடையின் பெரும்பகுதியைக் கையில் வைத்த முன் பிரிட்ஜ். கையை ஊன்றாமல் பின்னால் வளையும் பிரிட்ஜ் 14, 15இல், வேக வளர்ச்சி தணிந்த பிறகு. கீழ் முதுகு வலி, குறிப்பாகப் பின்னால் வளையும்போது ஒரு பக்கமாகக் குத்தும் வலி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் முதுகெலும்பின் பின்வளைவில் நுண்முறிவு இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எடை இறக்குவது

இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. 1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் சில வாரங்களுக்குள் மூன்று அமெரிக்கக் கல்லூரி மல்லர்கள் போட்டி எடைக்காக வியர்த்து நீரிழந்து இறந்தார்கள். அவர்கள் குழந்தைகள்கூட இல்லை, நன்கு பயிற்சி பெற்ற இளைஞர்கள். அதன் பிறகுதான் அங்கே ரப்பர் உடுப்பு, நீராவி அறை, வலுக்கட்டாய நீர்க்குறைப்பு எல்லாம் தடைசெய்யப்பட்டன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மல்யுத்த விதியில் இன்று கொழுப்புச் சதவீதத்துக்கு ஒரு தரைமட்டம் உண்டு: பையன்களுக்கு 7, பெண்களுக்கு 12. வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. அளவெடுக்கும் நாளில் சிறுநீரின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.025ஐத் தாண்டினால் நீர் குறைவு என்று திருப்பி அனுப்புவார்கள்.

15 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. வளரும் பிள்ளை எடை கூடத்தான் வேண்டும். எடைப் பிரிவு கடந்துவிட்டால் மேல் பிரிவில் பிடிக்கட்டும். சின்ன உடம்பு அதன் எடைக்குப் பரப்பு அதிகம், வியர்வை குறைவு. வெயிலில் சீக்கிரம் சூடேறும். கம்பளி போர்த்தி ஓடவிடுவது பெரியவருக்கே ஆபத்து, பிள்ளைக்கு இரட்டிப்பு. யுனைட்டட் வேர்ல்ட் ரெஸ்ட்லிங் போட்டிகளில் எடை பார்ப்பது போட்டி நாள் காலையில்தான், இறக்கிய தண்ணீரைத் திருப்பிக் குடித்துத் தேற அவகாசமே கிடையாது. உடல் எடையில் 2 சதவீதம் தண்ணீர் போனாலே செயல்திறன் மட்டுப்படும். 40 கிலோ பையனுக்கு அது வெறும் 800 கிராம்.

தராசுக்கு நல்ல உபயோகம் வேறொன்று. வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை அடுத்த சில மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். மறுநாள் காலை எடை திரும்பவில்லையென்றால் அன்றைய பயிற்சி இலேசாக.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி கூடுதல். 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்கவில்லை, அல்லது தொடர்ந்து மூன்று மாதம் நின்றுவிட்டது என்றால், உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உடம்புக்குப் போகவில்லை என்பது முதல் சந்தேகம். எலும்பு பலவீனமாகிக்கொண்டிருக்கும். மருத்துவரைப் பார்க்கும் விஷயம் இது. இதைப் பேசக்கூடிய ஒரு பெண் பயிற்சியாளரோ பொறுப்பாளரோ கூடத்தில் இருக்க வேண்டும்.

தோல், காது, தலை

படர்தாமரை இந்த விளையாட்டோடு ஒட்டிப் பிறந்தது. தினமும் வகுப்புக்கு முன் மேட்டைக் கிருமிநாசினியால் துடையுங்கள். ப்ளீச்சிங் திரவம் என்றால் 1 பங்குக்கு 100 பங்கு தண்ணீர், அன்றன்று புதிதாகக் கலந்தது. ரத்தம் சிந்திய இடத்துக்கு 1க்கு 10. மல்யுத்த ஷூவோடு கழிப்பறைக்குப் போய்விட்டு அப்படியே மேட் மீது ஏறுவதுதான் எல்லாத் துடைப்பையும் வீணாக்குகிறது. நகம் வெட்டியிருக்கிறதா என்று வரிசையில் பார்க்கும்போதே கழுத்து, முன்கை, முதுகையும் பாருங்கள். தோலில் வட்டம் தெரிந்தால் பூச்சு மருந்து தொடங்கி குறைந்தது 72 மணி நேரம் கழித்துத்தான் மேட். தலையில் வந்தால் மாத்திரையோடு இரண்டு வாரம். கொப்புளம் கொத்தாக இருந்தால் அது வேறு நோய், மருத்துவர் சொல்லும்வரை கூடாது.

காது வீங்கி மெத்தென்று இருந்தால் அது ரத்தக்கட்டு. ஓரிரு நாளில் மருத்துவர் வடித்துக் கட்டுப்போட்டால் சரியாகிவிடும், விட்டால் இறுகி நிரந்தரமாகச் சுருங்கும். மல்லனின் அடையாளம் என்று பெருமைப்படுவது பெரியவனின் விருப்பம். பிள்ளைக்குக் காதுக் கவசம் போடுங்கள்.

தலை அடிபட்டுத் தடுமாறினால், குமட்டினால், 'என்ன ஸ்கோர்?' என்றால் முழித்தால், அன்று அதோடு முடிந்தது. அரை மணியில் சரியாகிவிட்டதாகத் தெரிந்தாலும் அன்றே திரும்பக் கூடாது. மருத்துவர் பார்த்த பிறகு நடை, ஓட்டம், தனியாகப் பிடிப் பயிற்சி, கூட்டாளியோடு மெதுவாக, முழுப் பயிற்சி, போட்டி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே.

வலி விஷயத்தில் கேட்கும் விதம் முக்கியம். 'வலிக்குதா?' என்று கேட்டால் பத்துப் பேரும் 'இல்ல சார்' என்பார்கள். அணியில் இடம் போய்விடுமே என்ற பயம். 'எங்க வலிக்குது, ஒரு விரலால தொட்டுக் காட்டு' என்று கேளுங்கள். உள்ளங்கையை விரித்துத் தொடை முழுவதும் தடவிக் காட்டினால் பெரும்பாலும் நேற்றைய உழைப்பின் தசை வலி, இலேசான பயிற்சி போதும். ஒரே விரலை எலும்பின் மேல் ஒரே புள்ளியில் வைத்தால் அந்த மூட்டுக்கு அன்று விடுப்பு, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அடுத்த வகுப்பிலும் விரல் அதே இடத்துக்குப் போனால் பெற்றோரைக் கூப்பிடுங்கள்.